செவிக்கும் ஓர் அறம் உண்டு



கொல்லாமை என்னும் பேரறத்தைக் கைக்கும் வாய்க்கும் உரியதாகவே நாம் பெரிதும் எண்ணுகிறோம். கையால் ஓர் உயிரையும் வருத்தலாகாது, வாயால் கடுஞ்சொல் கூறலாகாது என்று இளமை முதலே கற்பிக்கப்படுகிறோம். ஆனால் செவிக்கும் ஓர் அறம் உண்டு. பிறர்க்கு நேர்ந்த பேரிடரைக் கேட்கின்ற அந்தப் பொழுதில் நம் உள்ளம் எவ்வாறு இயங்குகிறது என்பதும் வினை ஊற்றுக்கு வாயிலாகும். இதனை நான் நூலில் கற்றேன் அல்லேன். ஒருநாள் என் வீட்டுக் கூடத்தில், என் மனைவியின் வாய்ச்சொல்லால், வெட்கத்தோடு கற்றேன். அந்த நாளை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மார்கழி நிறைமதி நாள். திண்டிவனத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், மார்கழி வழக்கப்படி விடியுமுன் எழுந்து நீராடி, ஜினாலயம் சென்று வழிபட்டு இல்லம் திரும்பினேன். அப்பொழுது காலை ஏழு மணி இருக்கும். மயிலாப்பூரில் குடியிருந்த என் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, இங்கே நிலம் அதிர்ந்தது. கட்டில் ஆடியது. தெருவில் உள்ள எல்லாரும் வெளியே வந்து நிற்கிறோம். அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை" என்றான். பிறகு, ஞாயிறுதோறும் செய்வதுபோலப் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று வரப்போவதாகவும் கூறினான். நானும் "சென்று வா" என்றேன்.

சுமத்திரா தீவின் வடபகுதிக்கு மேற்கே, கடலுக்கு அடியில், நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னர் நிலம் பிளந்து எழுந்திருந்தது. அதன் அளவு 9.1 என்று பின்னர்க் கணித்தனர். அங்கே எழுந்த அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. நான் மகனோடு பேசிய பொழுதும், வாழையிலையில் சிற்றுண்டி உண்ட பொழுதும், அந்த அலை வந்துகொண்டே இருந்தது. அதனைக் கரையில் உள்ளவர்க்கு அறிவிக்கும் அமைப்பு ஒன்றும் இந்தியப் பெருங்கடற் பகுதியில் அன்று இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டிலேதான் செயற்படத் தொடங்கியது. கேட்டிருக்க வேண்டியவர் செவிக்குச் செய்தி எட்டவில்லை. நம் செவிக்கோ, எல்லாம் முடிந்தபின் எட்டியது.

ஒன்பதரை மணி அளவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "தாத்தா, மெரினாவில் கடல் சாலைக்கு வந்துவிட்டதாம்" என்றான். தொலைக்காட்சியைப் போட்டோம். முதலில் 'கடல் கொந்தளிப்பு' என்றனர். பின்னர்க் 'கடல் ஊருக்குள் புகுந்தது' என்றனர். அதன்பின் சுனாமி என்னும் சொல் வந்தது. அன்று காலை வரை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டறியாத சொல் அது. சென்னை என்றார்கள், கல்பாக்கம் என்றார்கள், கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல் என்று ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாய் வந்தன. இலங்கை என்றார்கள், அந்தமான் நிக்கோபார் என்றார்கள். ஒரு கரையின் பெயரைக் கேட்டுத் திகைத்து நிற்குமுன் அடுத்த கரையின் பெயர் வந்தது.

என் செவியோ ஒரே ஒரு பெயரை மட்டும் தேடியது. மகனுடைய எண்ணைச் சுழற்றினேன், இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றேன். மெரினாவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவரையும் காலை நடை வந்தவரையும் அலை கொண்டுபோயிற்று என்றார்கள். என் பேரனுக்கு அப்பொழுது ஏழு வயது. பஞ்ச நமஸ்காரத்தை உருவேற்றிக்கொண்டே கூடத்துக்கும் வாயிலுக்குமாய் நடந்தேன். மந்திரம் நாவில் இருந்தது. மனம் மணலில் இருந்தது. மூன்று மணி நேரம் அவ்வாறு கழிந்தது.

பன்னிரண்டரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நில அதிர்ச்சியைப் பற்றித் தெருவில் நின்று அண்டை அயலாரோடு பேசிக்கொண்டிருந்ததில் பொழுது போய்விட்டதாம். கடற்கரைக்குப் போகவே இல்லையாம். "நலமாக இருக்கிறோம் அப்பா" என்றான். என் கால்கள் தளர்ந்தன. சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்தேன்.

அன்பர்களே, இனித்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

பிற்பகலில் நண்பர் இருவர் வந்தனர். தொலைக்காட்சியின்முன் அமர்ந்தோம். இறந்தோர் தொகை நூற்றுக்கணக்கில் இருந்தது ஆயிரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஈரச்சேலையோடு ஒரு தாய், வரிசையாய்க் கிடத்தப்பட்டிருந்த உடல்களின் மேல் இட்ட துணியை ஒவ்வொன்றாய் விலக்கி முகம் பார்த்துக்கொண்டு சென்றாள். அதே காட்சியை மீண்டும் மீண்டும் காட்டினார்கள். நாங்களும் மீண்டும் மீண்டும் பார்த்தோம். அப்பொழுது என் வாய் சொல்லிற்று: "நாள்தோறும் கடலில் உயிர்க்கொலை செய்பவர்கள். அந்த வினையே அலையாய்த் திரும்பி வந்தது." நண்பர்கள் தலையசைத்தனர். ஏதோ பெரிய தத்துவத்தை உரைத்துவிட்டவன்போல நானும் சாய்ந்து அமர்ந்தேன்.

அருகில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள். "பேரனை நினைந்து காலையில் மூன்று மணி நேரம் துடித்தீர்களே! அவன் முற்பிறவியில் என்ன வினை செய்தான் என்று அப்பொழுது கேட்டீர்களா?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டாள்.

அன்று சூரியன் மறையுமுன் உண்ண அமர்ந்தேன், சோறு இறங்கவில்லை. மாலையில் சாமாயிகத்தில் அமர்ந்து, எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகின்ற இடத்திற்கு வந்தபொழுது நா எழவில்லை. எந்த உயிர்களிடம் வேண்டுவது? அந்தத் தாயிடமா? அவளைப் பற்றி நான் சொன்ன சொல் இன்னும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்றிரவு என்னை நானே ஆராய்ந்தேன். தியானம் நான்கு வகை என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். அவை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என்பன. முன்னவை இரண்டும் பிறவியில் அழுத்துவன. பின்னவை இரண்டும் வீட்டுநெறிக்கு உரியன. காலையில் என்னிடம் இருந்தது ஆர்த்த தியானம். விரும்பிய பொருளைப் பிரிய நேருமோ என்று பதைத்தல் அதன் ஒரு வகையாகும். அது குற்றமே எனினும் இல்லறத்தார்க்கு இயல்பானது. ஆனால் பிற்பகலில் என்னிடம் இருந்தது யாது? உயிர்களுக்கு நேர்ந்த அழிவில் உள்ளம் ஒரு நிறைவு கொள்ளுதலை இம்சானந்தம் என்பர். அது ரௌத்திர தியானத்தின் முதல் வகை. 'நியாயம்தான்' என்று எனக்குள் எழுந்த அமைதி, அந்த நிறைவின் நிழலன்றி வேறென்ன? தத்துவம் பேசியதாக எண்ணிக்கொண்டே நான் நரகாயுளுக்கு ஏதுவான எண்ணத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

'வினைப்பயன் என்பது நம் சமயத்தின் அடிப்படை அன்றோ? அதனைச் சொல்வது எங்ஙனம் பிழையாகும்?' என்று சிலர் வினவலாம். வினவத் தக்கதே. மூன்று விடைகள் கூறுவேன்.

முதலாவது, எந்த உயிர்க்கு எந்த வினை எப்பொழுது உதயத்திற்கு வந்தது என்பதை முழுதுணர வல்லவர் கேவலஞானியர் மட்டுமே. மதியும் சுருதமும் ஆகிய சிற்றறிவுகளையே உடைய நாம், ஒருவர் மரணத்தைக் காட்டி அதன் காரணத்தை உறுதிபடக் கூறுவது, நம்மிடம் இல்லாத ஞானத்தை உடையவர்போல் நடிப்பதாகும். அன்று அலைவாய்ப்பட்டவர் மீனவர் மட்டுமோ? வேளாங்கண்ணிக்கு வழிபட வந்த குடும்பங்கள் இருந்தன. மடியில் கிடந்த பச்சிளங்குழந்தைகள் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர். அவர்களுள் 6000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தினர். பல நாடுகளிலும் சேர்ந்து இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மறைந்தனர். அவர்கள் அனைவரின் வினைக்கணக்கையும் ஒரு கூடத்தில் அமர்ந்து ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிட்டேனே, என்னே என் பேதைமை!

இரண்டாவது, நம் ஆகமம் வினையை மட்டும் கூறி நின்றுவிடவில்லை; புறக்காரணமாகிய நிமித்தத்தையும் கூறுகிறது. நஞ்சு, படைக்கலம், நீர், நெருப்பு முதலியவற்றால் ஆயுள் இடையில் முறிவதைக் கதலீகாத மரணம் என்பர். நின்று முதிர வேண்டிய வாழை வெட்டுண்டு வீழ்வது போன்றது அது. புறக்காரணம் உண்டு என்பதால், அதனை விலக்கும் முயற்சியும் உண்டு. மருந்தும், மீட்புப் படகும், முன்னெச்சரிக்கையும் பொருளுடையனவாவது இதனால்தான். 'எல்லாம் வினை' என்று கைகட்டி இருப்பது ஜின வசனம் அன்று.

மூன்றாவது, தர்ம தியானத்தின் நான்கு பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். ஆஜ்ஞா விசயம், அபாய விசயம், விபாக விசயம், சம்ஸ்தான விசயம் என்பது அவற்றின் வரிசை. வினை பயன் தருமாற்றைச் சிந்திப்பது விபாக விசயம். அது மூன்றாவதாக வருகிறது. உயிர்கள் துன்பத்தினின்றும் எவ்வாறு நீங்கும் என்று சிந்திப்பது அபாய விசயம். அது முன்னே நிற்கிறது. அவ்வரிசையில் நான் ஒரு பொருள் காண்கிறேன். 'இவர் துயர் எவ்வாறு தீரும்' என்று நினைந்து உருகிய நெஞ்சுக்கே வினைப்பயனைச் சிந்திக்கும் தகுதி வருகிறது. அந்த உருக்கம் இல்லாமல் விபாகம் பேசுவது தர்ம தியானம் ஆகாது. அதுவும் முதலில் தன் வினையைப் பற்றிய சிந்தனையாக இருத்தல் வேண்டும். நம்முள் பெரும்பாலோர் உழவர் குடியினர். நாம் ஏர் பூட்டும்பொழுதும் நீர் பாய்ச்சும்பொழுதும் மண்ணில் மடியும் உயிர்களுக்குக் கணக்கு உண்டோ? தொழில் இம்சையும் சங்கற்ப இம்சையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் நம் கணக்கு ஏட்டை மூடி வைத்துவிட்டுப் பிறர் ஏட்டைப் புரட்ட நமக்கு என்ன உரிமை உண்டு?

நற்காட்சியின் அடையாளங்கள் பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆஸ்திக்கியம் என நான்கு. அனுகம்பையாவது பிறவுயிர் நடுங்கக் கண்டு தானும் உடன் நடுங்குதல். எல்லா உயிரிடத்தும் நட்பும், குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சியும், துன்புறுவோரிடத்துக் கருணையும், நெறி கொள்ளாரிடத்து நடுநிலையும் வேண்டும் என்று உமாசுவாமி ஆசாரியர் வகுத்தார். துன்புறுவோர் என்றாரேயன்றி, துன்புறும் நல்லோர் என்று அவர் வரம்பு கட்டவில்லை.

நம் நேமிநாத பகவானின் வரலாற்றை நினையுங்கள். இராஜீமதியை மணக்க மணக்கோலத்தில் தேரேறி வந்தபொழுது, அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் அவர் செவியில் வீழ்ந்தது. 'இவை ஏன் கதறுகின்றன?' என்று வினவினார். திருமண விருந்துக்காக என்று அறிந்தார். அந்த விலங்குகள் முற்பிறவியில் என்ன தீவினை செய்தன என்று அவர் கேட்கவில்லை. தேரைத் திருப்பினார். ஊர்ஜயந்தகிரிக்குச் சென்று துறவு பூண்டார். ஓலத்தைக் கேட்ட செவி செய்ய வேண்டியது இன்னதென்பதற்கு அந்தத் திரும்பிய தேரே சான்று.

அப்பகவானின் திருவுரு ஒன்று பண்டு மயிலையில், கடலை அடுத்துக் கோயில் கொண்டிருந்தது. அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடியது அப்பெருமானையே. கடல் ஊரைக் கொள்ளும் என்று அஞ்சிய நம் முன்னோர், அத்திருவுருவை மேல்சித்தாமூருக்கு எடுத்து வந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. சித்தாமூரில் நாம் கைகூப்பி நிற்கும்பொழுதெல்லாம், கடலுக்கு அஞ்சி ஊர்விட்டு நீங்கிய மக்களின் நினைவின்முன் நிற்கிறோம். அந்த அச்சம் நம்முடைய அச்சமுமாக இருந்தது. நேமிநாதரின் இலாஞ்சனமாகிய சங்கும் கடல் தந்ததே. கடற்கரை மக்கள் நமக்கு அயலார் அல்லர்.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளையும் நினைத்தேன். அவர் வாழ்ந்த புகார் அன்றைய நாகை மாவட்டக் கரையில்தான் இருந்தது. வினைப்பயனைப் பற்றி அந்த அருகநெறித் துறவியைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆயினும் கோவலன் இறந்த செய்தியைக் கேட்டபொழுது, 'அது அவன் வினை' என்று அவர் அமைதி கொள்ளவில்லை. உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று காப்பியம் கூறுகிறது. அறிவு முதிர்ந்த இடத்தில் இரக்கம் வற்றிவிடும் என்பது பொய்.

மறுநாள் காலை நண்பர் இருவரையும் அழைத்து, நான் சொன்னது தவறு என்று கூறினேன். ஊரார் சேர்ந்து அரிசி, பருப்பு, பாத்திரம், போர்வை, பழைய துணி ஆகியவற்றைத் திரட்டினோம். 30ஆம் நாள் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் சென்றோம். செல்லும் வழியில், எவரும் எடுக்காத பழந்துணிகள் சாலை ஓரத்தில் குவிந்து கிடந்தன. நாங்கள் கொண்டுபோனவையும் அத்தகையனவே. நமக்கு வேண்டாததைக் கொடுப்பதைத் தானம் என்று எண்ணியிருந்தோம். கொண்டுபோன துணிகளை இறக்காமலே திருப்பி எடுத்து வந்தோம்.

மக்கள் தங்கியிருந்த பள்ளியில் அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபொழுது, மீண்டும் அலை வருகிறது என்ற எச்சரிக்கை பரவியது. பின்னர் அது பொய்த்துப்போயிற்று. ஆனால் அப்பொழுது அதை யார் அறிவார்? ஆயிரம் பேர் ஒருங்கே ஓடினர். அறுபதைக் கடந்த நான் செய்வதறியாது வாயிலில் நின்றேன். ஒரு மீனவர், "ஐயா, மேலே வாருங்கள்" என்று என் கையைப் பற்றி இழுத்து, மாடிப்படியில் ஏற்றி, தம் உடலால் எனக்கு வழி செய்துகொண்டு சென்றார். மேலே போய் நின்ற பிறகும் நெடுநேரம் என் கையை விடவில்லை. நான்கு நாள்களுக்கு முன் அவர் தம் மகளை அதே கடலுக்குக் கொடுத்தவர் என்பதைப் பின்னர் மற்றவர் சொல்லக் கேட்டேன். என் வினை யாது, குலம் யாது, சமயம் யாது என்று அவர் கேட்கவில்லை.

அவர்களுள் சிலர் எங்களிடம் வலை வாங்கித் தர இயலுமா என்று கேட்டனர். உங்களுள் பலர்க்கும் எழக்கூடிய கேள்வி இது. ஆதலின் மறையாமல் கூறுகிறேன். வலை தருவது நம் விரதத்திற்கு ஒவ்வாது என்பதைப் பணிவோடு அவர்களிடமே சொன்னோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. சமையற் பாத்திரங்களும், பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடையும், இரண்டு ஆண்டுகளுக்குப் பள்ளிக் கட்டணமும் எங்கள் ஊரார் ஏற்றனர். விரதத்தை விடாமலும் இரக்கத்தைக் குறைக்காமலும் செய்வதற்கு எப்பொழுதும் ஒன்று இருக்கிறது. 'அவர்கள் தொழில் ஆகாது' என்பதைக் காரணம் காட்டி ஒன்றும் செய்யாதிருப்பதே நம் விரதத்திற்கு இழுக்கு.

அந்நாளுக்குப்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று துயரச் செய்திகள் நம் சட்டைப்பையில் உள்ள கருவியிலேயே வந்து சேர்கின்றன. கேட்கும் பொழுதுகள் பெருகிவிட்டன; ஆதலால் செவியின் அறமும் பெரிதாகிவிட்டது. மூன்று சிறு நியமங்களை நான் மேற்கொண்டிருக்கிறேன், உங்களுக்கும் உரைக்கிறேன். உறுதியாக அறியாத செய்தியைப் பிறர்க்குப் பரப்பலாகாது. அச்சத்தைப் பெருக்குவதும் இம்சையே. மாண்டவரின் வினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசலாகாது; நினைவு எழுந்தால் தன் வினையை நினைக்க வேண்டும். கேட்ட அன்றே, நாம் உண்ணுவதற்கு வைத்துள்ள எல்லையாகிய சூரிய மறைவுக்கு முன், அவர் பொருட்டுக் கைக்கு எட்டிய ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தலும் போதும். நேமிநாதரின் தேர் அளவுக்கு நம் தேர் திரும்பாது. ஆயினும் ஒரு முழமேனும் திரும்பட்டும்.

இப்பொழுதும் மாலைச் சாமாயிகத்தில் அந்த இடத்திற்கு வரும்பொழுது, ஈரச்சேலையோடு நடந்த தாயை நினைக்கிறேன். அவளிடமே முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!